சட்டிப்பாறையின் அடிமண்

அக்டோபர் 3, வெள்ளி

காலை 7.40. சட்டிப்பாறை. விரிசல்கள்: பதினேழு. கீழே வீடுகள்: பதினொன்று. ஆட்கள்: நாற்பத்து மூன்று.

எண்ணியது நான்தான். எஸ்டேட் ஆபீஸ் கொடுத்த தாளில் விரிசல் ‘சில’ என்றும், ஆட்கள் ‘சுமார் நாற்பது’ என்றும் இருந்தது. சில என்பது எண்ணே இல்லை.

கவிழ்த்த மண்சட்டி மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். ஒன்பது மீட்டர் உயரம், குத்துமதிப்பாக எண்ணூறு டன். தேயிலைச் சரிவின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இருபது மீட்டரில் நாலாம் நம்பர் லைன்: ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பதினொரு வீடு. ஐப்பசி மழை பிடிக்கும் முன் இந்தப் பாறை நிற்குமா நிற்காதா என்று நான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் கம்பெனி அதற்குத்தான் அனுப்பியிருக்கிறது. நிற்காது என்றால், மழை முடியும்வரை எல்லோரையும் பழைய ஃபாக்டரியின் மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்களாம். ஒரு காலத்தில் இலையை வாட்டப் பரப்பிய மாடி. இப்போது காலி.

விரிசலின் இரண்டு கரையையும் சேர்த்து மெல்லிய கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டினேன். பாறை மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். கொழுந்துக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“என்னா சாரு, கல்லுக்குப் பிளாஸ்திரி போடுறீங்களா?”

“ஆமா. அடிபட்டிருக்கு.”

“அப்பிடியே எங்க கூரைக்கும் ரெண்டு போட்டுட்டுப் போங்க. அதுதான் மொதல்ல விழும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவள் பெயர் சிவனம்மா. ஏழாம் வீடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். வாய் அதிகம்.

அக்டோபர் 4, சனி

கண்ணாடி பதினேழும் ஒட்டியாயிற்று. மழை இல்லை. எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீரும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

குளிக்கத் தண்ணீர் கேட்டு லைனுக்கே போக வேண்டியதாயிற்று. சிவனம்மா வீட்டுக்காரர் வேலாயுதம் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தார். ஃபாக்டரியில் தூளைக் காய வைக்கும் டிரையரில் வேலை. அதிகம் பேசாத மனிதர். இன்றைக்கு மட்டும் கேட்டார்: “இம்மாம் பெரிய கல்லு எப்பிடி சார் தானா ஒடையும்?”

சொன்னேன். பகல் வெயிலில் மேல்தோல் விரிகிறது, ராத்திரிக் குளிரில் சுருங்குகிறது. இப்படி லட்சம் தடவை. வெங்காயம் மாதிரி உரிகிறது. விரிசலில் தண்ணீர் போகிறது, தை மாதம் உறைகிறது, உறைந்தால் பெருக்கும், பிளக்கும். மரவேர் நுழைந்தால் அதுவும் ஆப்புதான்.

“நானு முப்பது வருசமா டிரையர் சூட்டுல நிக்கிறேன். வெளிய வந்தா பனி. ஒண்ணும் வெடிக்கலியே.”

உள்ளே இருந்து சிவனம்மா: “வெடிச்சாத்தான் என்னா, யாருக்குத் தெரியும்? வாயத் தொறந்தாத்தானே.”

அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். நான் மிச்சத்தையும் சொன்னேன். உடைவது ஒரு வேலை, மக்குவது வேறு வேலை. உடைந்தால் பெரிய கல் சின்னக் கல்லாகும், அவ்வளவுதான்; அதே கல். மக்கினால் கல்லே வேறு பொருளாகிவிடும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது லேசாக அமிலமாகிறது. பாறையில் இருக்கும் இரும்பு துருவாகிச் சிவக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெள்ளைக் களிமண்ணாகிவிடுகிறது. உடைவதற்குச் சத்தம் உண்டு. மக்குவதற்கு இல்லை.

“எது சார் மோசம்?”

“இங்க மழை அதிகம். இங்க மக்கறதுதான்.”

சரியான பதில். பாடத்தில் இருப்பதும் அதுதான்.

அக்டோபர் 8, புதன்

அடித்தளச் சோதனை. பாறை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. கையால் திருகி மண்ணைத் துளைக்கும் ஆகர் கொண்டுவந்திருக்கிறேன். பாறையைச் சுற்றி மூன்று இடத்தில், மும்மூன்று மீட்டர் ஆழத்துக்குத் துளைக்க வேண்டும் என்று வேலைத்தாளில் இருக்கிறது.

வலப்பக்கம் முதல் துளை. 1.10 மீட்டரில் கல் தட்டியது. சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி சத்தம். மக்காத புதுப்பாறை; மலையோடு ஒன்றாக இருக்கும் தாய்ப்பாறைதான். இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு உண்ணிப்புதர், முள். ஒரே பாறைதானே, அங்கேயும் அதுதான் இருக்கும். உள்ளங்கையில் கொப்புளம். நாலு மணிக்கு, நான் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் சுரங்கக் கம்பெனியின் வீடியோ நேர்காணல். சிக்னல் மேட்டு ரோட்டில் மட்டும்தான் வருகிறது. ஓடினேன்.

நேர்காணல் நன்றாகப் போயிற்று.

அக்டோபர் 10, வெள்ளி

கண்ணாடி பதினேழும் முழுசாக இருக்கிறது. அறிக்கை அனுப்பிவிட்டேன். பதினோரு பக்கம். கடைசி வரி: ‘பாறை தாய்ப்பாறையின்மேல் உறுதியாக அமர்ந்துள்ளது, இந்த மழைக்காலத்தில் உடனடி அபாயம் இல்லை.’ கையெழுத்து: ப. தீர்த்தகிரி, புவியியலாளர்.

பத்மநாபன் சார் போனில், “குட் ஜாப் தீர்த்தா. டிசம்பர் வரைக்கும் அங்கேயே இருந்து ரீடிங் மட்டும் எடு” என்றார். சார்தான் எங்கள் கம்பெனி முதலாளி.

அக்டோபர் 11, சனி

மாடிக்குப் போக வேண்டாம் என்று மேனேஜர் லைனில் சொல்லச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். தீபாவளியை யார் அந்த ஓட்டை மாடியில் கொண்டாடுவது? நான் போனபோது மூன்று வீட்டில் டீ கொடுத்தார்கள். மூன்றையும் குடித்தேன். சிவனம்மா ஒரு தட்டில் முறுக்கு வைத்து, “எங்க பாறைக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்த சாருக்கு” என்றாள். முறுக்கு கடினம். அதையும் சொன்னேன். “பல்லுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டுத் தின்னுங்க” என்றாள்.

அக்டோபர் 15, புதன்

ரீடிங் எடுக்கப் போனேன். லைன் முழுக்கச் சுவருக்குப் பூச்சு. தீபாவளிக்கு அஞ்சு நாள்தான். ஏழாம் வீட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டு எழுந்தால் பேன்ட் முழுக்க வெள்ளை. “சுண்ணாம்புல கொஞ்சம் பசை போட்டா என்ன?” என்று கத்தினேன்.

“சுண்ணாம்பா? அதை யாரு வாங்குறது? இது மண்ணு சாரு.”

விரல் நடுவில் தேய்த்தேன். வழவழவென்று, மாவு மாதிரி. மணலே இல்லை. மக்கிப்போன ஃபெல்ட்ஸ்பார்.

“எங்க எடுத்தீங்க?”

“நம்ம பாறைக்கு அடியிலதான். வருசா வருசம் அங்கதான் எடுக்குறது. தீவாளிக்கு ஒருக்கா, பொங்கலுக்கு ஒருக்கா.”

சிவனம்மாவே கூட்டிப்போனாள். இடப்பக்கம், உண்ணிப்புதருக்குப் பின்னால் ஒற்றையடித் தடம். புதரை வெட்டாமல் விட்டிருப்பதே ஆடு மாடு உள்ளே போய்விடக் கூடாது என்றுதான். பாறைக்கு அடியில் ஒரு பொந்து. “நான் கல்யாணமாகி வந்தப்ப கை நீட்டித்தான் எடுப்போம். இப்ப உள்ள உக்காந்தே எடுக்கலாம். வெயிலுக்கு எதமா இருக்கும்” என்றாள்.

உள்ளே ஊர்ந்து போய் அளந்தேன். ஆழம் 2.10 மீட்டர். அகலம் 1.40. உயரம் 0.95. மேலே, கீழே, மூன்று பக்கமும் வெள்ளைக் களி. நடுநடுவே மக்காத உருண்டைக் கற்கள். தாய்ப்பாறை எங்கும் இல்லை.

மறுபடி அளந்தேன். ஆழம் 2.10 மீட்டர். அகலம் 1.40. உயரம் 0.95.

களிக்குள் இப்படி மக்காமல் மிஞ்சிய உருண்டையைத் தட்டினால் புதுப்பாறை மாதிரியே ஒலிக்கும். 1.10 மீட்டரில் ஆகர் தட்டியது என்ன என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

தோண்ட வேண்டாம் என்று சிவனம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

மழை: 38 மி.மீ.

மேட்டு ரோட்டில் நின்று பத்மநாபன் சாருக்குப் போன் செய்தேன். பொந்தைப் பற்றிச் சொன்னேன்.

“நீ மூணு துளை போட்டல்ல?”

“இடப்பக்கம் புதரா இருந்தது சார்.”

“ஆறு நாள்ல ரிப்போர்ட்டை மாத்தினா நாளைக்கு நம்மளை எவன்டா கூப்பிடுவான்? கண்ணாடி ஒடஞ்சிருக்கா?”

“இல்ல.”

“அப்ப தீபாவளி முடியட்டும். அப்பறம் ‘மேலும் ஆய்வு தேவை’ன்னு பதமா ஒரு லெட்டர் போடலாம்.”

போனை வைத்ததும் சுரங்கக் கம்பெனியின் மெயில் வந்தது. தேர்வாகியிருக்கிறேன். நவம்பர் 17 சேர வேண்டும். இப்போதைய கம்பெனியிலிருந்து நற்சான்று வேண்டுமாம்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை: 54 மி.மீ. லைனுக்குப் போகவில்லை. மேனேஜரைப் பார்க்கப் போனேன். “அடிப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கணும் சார்” என்றேன். அவர் என் அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“இது தப்புன்னா ஒரே வரி எழுதிக் கொடுங்க, இன்னிக்கே மாடியைத் திறந்து விடறேன். சரின்னா, தீபாவளி நேரத்துல நாப்பத்து மூணு பேரை எதுக்கு அலைக்கழிக்கணும்?”

நியாயமான கேள்வி. எழுதித் தருகிறேன் என்று அறைக்கு வந்தேன். எட்டு வரி எழுதினேன். ‘மேலும்’, ‘கூடுதல்’, ‘பரிசீலிக்கத்தக்கது’ என்றெல்லாம் வந்தன. அவர் கேட்ட வரி வரவில்லை. கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

சிவனம்மா இறந்துவிட்டார். காலை 10.20. பொந்துக்குள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை மழை விட்டிருந்தது. களி இரண்டு நாள் தண்ணீரைக் குடித்திருந்தது. உலர்ந்திருக்கும்போது குகை மாதிரி நிற்கும்; நனைந்தால் அதன் பலம் கால்வாசிகூட இருக்காது. பொந்தின் மேற்கூரையிலிருந்து ஒரு பாளம் இறங்கியது. அரை டன் இருக்கும். பாறை நகரவில்லை. வெளியே உட்கார்ந்து மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த இரண்டாம் வீட்டுப் பெண் கத்தியதைக் கேட்டு எல்லோரும் ஓடினோம். மண்வெட்டி போட்டால் மிச்சமும் இறங்கும் என்று நான் கத்தினேன், கையாலேயே தோண்டினோம். இருபத்தைந்து நிமிடம். வேலாயுதம் ஃபாக்டரி உடுப்போடு வந்து சேர்ந்தபோது கால் மட்டும் வெளியே தெரிந்தது. சிவனம்மாவின் விரல்களை விரித்து, பிடித்திருந்த சின்ன மண்கொத்தை எடுக்க முடியவில்லை. அதோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று மாலை கொண்டுவந்து அடக்கம். லேசான தூறல்.

என் நகக்கண்ணில் களி இருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லைனில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. பத்து வீடும் உள்ளும் புறமும் வெள்ளை. ஏழாம் வீட்டில் மூன்று சுவர்தான் வெள்ளை. அடுப்படிச் சுவருக்கு மண் பத்தவில்லை.

மழை: 22 மி.மீ. இரண்டு கண்ணாடி உடைந்திருக்கின்றன: 6, 11.

அக்டோபர் 21, செவ்வாய்

வெள்ளிக்கிழமை எஸ்டேட் ஆபீஸில் விசாரணை. அரசாங்க அதிகாரி வருகிறார். பத்மநாபன் சார் காரில் வந்து என்னை முன்சீட்டில் உட்கார வைத்துப் பேசினார்.

“கேளு. உன் ரிப்போர்ட் பாறையைப் பத்தி. பாறை விழுந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப ரிப்போர்ட் சரி. அந்தம்மா அனுமதியில்லாம மண்ணு தோண்டுச்சு. நீ தோண்டாதேன்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“அவ்வளவுதான். அதை மட்டும் சொல்லு. மத்தது நான் பாத்துக்கறேன். உன் நற்சான்றும் ரெடியா இருக்கு.”

போகும் வழியில் பார்த்தேன். உண்ணிப்புதர் முன்னால் ‘மண் எடுக்கத் தடை’ என்று புதுப் பலகை. பெயிண்ட் காயவில்லை. கீழே தேதி மட்டும் ஜனவரி.

கண்ணாடி 12 உடைந்தது. பாறைக்குக் கீழே இப்போது நாற்பத்திரண்டு பேர்.

அக்டோபர் 22, புதன்

மழை: 41 மி.மீ. ரீடிங் எடுத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பலாம் என்றுதான் போனேன். வேலாயுதம் ஏழாம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார். போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“சாரு தோண்டாதேன்னு சொன்னீங்களாமே. மேனேஜர் தொரை சொன்னாரு.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“சொல்லியும் கேக்கல பாத்தீங்களா. எப்பவும் அப்பிடித்தான். யாரு பேச்சையும் கேக்க மாட்டா. ஒரு செவுத்துக்குப் போயி…” பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார். தீக்குச்சி நமத்திருந்தது. “கோவமா வருது சார் அவமேல. செத்தவமேல கோவப்படக் கூடாதும்பாங்க. வருதே.”

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க உங்க கடமையச் செஞ்சீங்க. மனசப் போட்டு ஒழட்டிக்காதீங்க” என்றார்.

எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

காலை 11 மணி. மழை: 19 மி.மீ. உடைந்த கண்ணாடி: ஐந்து. எல்லாம் இடப்பக்கம்.

15ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். ‘தோண்ட வேண்டாம் என்று சிவனம்மாவிடம் சொல்லிவிட்டேன்.’ இதில் பொய் இல்லை. நாளை இதை அப்படியே சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்வார். அவள் கேட்காதவள் ஆவாள். வேலாயுதம் சாகும்வரை அவள்மேல் கோபமாக இருப்பார்.

பேசியது முழுக்க இதுதான்:

“அக்கா, ஒரு ரெண்டு நாளைக்கு யாரும் இங்க தோண்ட வேண்டாம்.”

“ஏன் சாரு? பாறை பத்திரம்னுதானே எழுதிக் குடுத்தீங்க?”

“பத்திரம்தான். நான் அளவு எடுக்கணும். கலைஞ்சு போயிரும்.”

“ரெண்டு நாளுதானே? அப்ப சனிக்கெழமை எடுத்துக்கிறேன். எனக்கு அடுப்படிச் செவுரு ஒண்ணுதான் பாக்கி.”

“சரி.”

இரண்டு நாள் அவள் வரவில்லை. மழையில் எனக்காகக் காத்திருந்தாள். சனிக்கிழமைதான் போனாள். என் பேச்சை அப்படியே கேட்ட ஒரே ஆள் அவள்தான். ‘பத்திரம் இல்லை, என் அறிக்கை தப்பு’ என்று அங்கேயே சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் லைன் முழுக்கத் தெரிந்திருக்கும். அவள் வாய் அப்படி.

ஊரில் எல்லோரும் என்னை மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன் என்பார்கள். முறுக்கு கடினம் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

பாறை இன்னும் நிற்கிறது. இன்றைக்கு விழலாம், பத்து வருஷம் கழித்தும் விழலாம். தெரியாது. தெரியாது என்பதுதான் 10ஆம் தேதி நான் எழுதியிருக்க வேண்டியது.

இனி செய்ய வேண்டியவை:

1. மேனேஜர் கேட்ட ஒரு வரியை இப்போதே எழுதிக் கொடுப்பது: ‘அக்டோபர் 10 தேதியிட்ட என் அறிக்கை தவறு.’ நாளை விசாரணை வரைக்கும் வைத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டு, மாடிச் சாவி வாங்காமல் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது.

2. பதினொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்வது. ‘மேலும் ஆய்வு’ என்ற வார்த்தை கூடாது. தப்பு பண்ணினேன், கிளம்புங்கள். திட்டினால் திட்டட்டும், மூட்டையைத் தூக்கியபடி கேட்டுக்கொள்ளலாம். இருட்டும் முன் நாற்பத்திரண்டு பேரும் மாடியில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்ப்பது.

3. யாராவது பொந்தை சிமெண்ட் போட்டு அடைக்கப் பார்ப்பார்கள், விடக் கூடாது. தண்ணீர் வெளியேற வேறு வழி இல்லை. உள்ளே தேங்கினால் பாறையையே தள்ளும். எழுதியே கொடுப்பது.

4. மூன்று துளையும் வேறு யாராவது போட வேண்டும். நான் அல்ல.

5. நாளை விசாரணையில்: ஒரு துளைதான் போட்டேன், ஏன் ஒன்றோடு நிறுத்தினேன், 15ஆம் தேதி என்ன பார்த்தேன், யாருக்கெல்லாம் சொன்னேன், யாருக்குச் சொல்லவில்லை. பலகையின் தேதி. பத்மநாபன் சார் காரில் சொன்னது. நற்சான்று வராது, சுரங்கக் கம்பெனிக்கு இன்றே மெயில்.

6. இதற்கெல்லாம் முன்னால், இந்தப் பேனாவை மூடியதும், ஏழாம் வீட்டுக்குப் போவது. ‘ரெண்டு நாள்’ என்று நான் சொன்னதையும், அவர் மனைவி சொன்னபடி கேட்டதையும் வேலாயுதத்திடம் சொல்வது.

7. சொல்லி முடித்ததும் எழுந்து வந்துவிடக் கூடாது.